இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது

"பிள்ளை, நேற்று ராத்திரி இவன்ரை கால் தன்பாட்டிலை ஆடினது. நான் கண்ணாலை கண்டனான். இனி நடப்பானோ?"

வன்னியில் பிசியோவாக வேலை செய்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. விசுவமடுவில் கேட்டிருக்கிறார்கள், ஒட்டுசுட்டானில் கேட்டிருக்கிறார்கள், மாங்குளத்துக்கு உள்ளே ஒரு வீட்டுத்திட்ட வீட்டு விறாந்தையில் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாமார். சிலருடைய மகன் 2009இல் செல் துண்டு பட்டுப் படுத்தவன். சிலருடைய மகன் பாலைப்பழம் பிடுங்க ஏறி மரத்தால் விழுந்தவன். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் காயப்பட்டது முள்ளந்தண்டுக்குள்ளே ஓடுகிற முண்ணாண். காயத்துக்குக் கீழே விருப்பப்படி அசைக்க ஏலாது.

ஓம் என்று சொன்னால் அது பொய். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வருவது அதைவிடப் பிழை. அந்த அம்மா கண்டது உண்மை, கால் ஆடியதுதான். ஏன் ஆடியது என்று நாங்கள் விளங்கப்படுத்தாமல் விட்டால், அந்த ஆட்டத்தையே காட்டி யாராவது எண்ணெய்க்கும் பத்தியத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போன காசை எனக்குத் தெரியும். ஆகவே ஆற அமர இதை எழுதி வைக்கிறேன்.

முண்ணாண் என்று உயிரியல் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். மூளையின் அடியில், நீள்வளைய மையவிழையத்தில் இருந்து முள்ளந்தண்டுக்குள்ளே இறங்குகிற நரம்புத்திரள். சின்னிவிரல் மொத்தம் இருக்கும். வளர்ந்தவர்களில் 42 முதல் 45 சென்ரிமீற்றர் வரை நீளம். பலர் நினைப்பதுபோல் முள்ளந்தண்டின் அடி மட்டும் அது போவதில்லை. நாரியின் முதலாம், இரண்டாம் முள்ளென்புகளின் மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டும். அந்தக் கற்றைக்குக் குதிரைவால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முண்ணாணில் இருந்து இரண்டு பக்கமும் சோடி சோடியாக நரம்புகள் வெளியேறுகின்றன. கழுத்தில் 8, நெஞ்சில் 12, நாரியில் 5, திருவென்பில் 5, குயிலலகில் 1. மொத்தம் 31 சோடி.

இந்த எண்களைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய காலத்தில் எனக்கு அவை வெறும் எண்கள். இப்போது அவற்றை வைத்துத்தான் ஒரு வீட்டுக்குள்ளே நுழைகிறேன்.

முதல்நாள் போனால் நான் செய்கிற வேலை இதுதான். ஆளைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சையும் ஒரு குண்டூசியையும் எடுப்பேன். பஞ்சால் மெல்லத் தொட்டு, பிறகு ஊசி முனையால் தோல் கிழியாமல் அழுத்தி, "இது கூரோ, மொட்டையோ?" என்று கேட்பேன். கன்னத்தில் தொடங்கினால் அவர்களுக்கு எது கூர் என்று தெரிந்துவிடும். பிறகு தோள், கை, நெஞ்சு என்று இறங்குவேன். முலைக்காம்பு மட்டம் நெஞ்சின் நாலாவது நரம்புக்குரியது. தொப்புள் பத்தாவது. தொடைமடிப்பு நாரியின் முதலாவது. காற்பெருவிரலுக்கு மேற்புறம் நாரியின் ஐந்தாவது, கால் சின்னிவிரல் பக்கம் திருவென்பின் முதலாவது. ஓரிடத்தில் வந்ததும் "கூர், கூர், கூர்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பேசாமல் இருப்பார். நான் இரண்டு விரல் மேலே போய்த் திரும்ப இறங்குவேன். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டால், வீட்டார் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். தோலில் எந்த வித்தியாசமும் இருக்காது. மேலும் கீழும் ஒரே தோல், ஒரே சூடு. ஆனால் கோட்டுக்கு மேலே மூளைக்குச் செய்தி போகிறது, கீழே போகவில்லை.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஒருவருடைய மீதி வாழ்க்கை தங்கியிருக்கிறது. மூச்சுக்கு முக்கியமான பிரிமென்றகட்டை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையை, ஆட்டுகிற நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் வேர்களில் இருந்து வருகிறது. அதற்கு மேலே முழுதாக அறுந்தால் மெஷின் இல்லாமல் மூச்சு இல்லை. ஐந்தாவது தப்பினால் முழங்கையை மடக்கலாம். ஆறாவது தப்பினால் மணிக்கட்டை நிமிர்த்தலாம், அந்த ஒரு அசைவை வைத்தே கோப்பையைப் பிடிக்கப் பழக்கலாம். ஏழாவது தப்பினால் முழங்கையை நீட்டலாம். அதாவது கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கி, கட்டிலில் இருந்து வீல்செயருக்கு மாற வழி இருக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு எலும்பின் உயரம்தான் வித்தியாசம். அந்த உயரத்துக்குள்ளே, தனியாக இருக்க ஏலுமா, எப்போதும் ஒருவர் பக்கத்தில் வேண்டுமா என்ற கேள்வி கிடக்கிறது.

இன்னொரு இடமும் பார்க்க வேண்டும், சனம் கதைக்கக் கூச்சப்படுகிற இடம். மலவாசலைச் சுற்றியுள்ள தோல். முண்ணாணின் கடைசி நரம்புகள் அங்கேதான் முடிகின்றன. கால் முழுக்க உணர்ச்சி இல்லாவிட்டாலும் அங்கே சிறிது தெரிந்தால், அறுப்பு முழுமையானதல்ல, இடையால் சில இழைகள் தப்பியிருக்கின்றன என்று பொருள். காயப்பட்ட புதிதில் அது தெரிவது நல்ல அறிகுறி. டொக்டர் அந்தச் சோதனையைச் செய்யும்போது வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இனிக் கால் ஆடுகிற கதைக்கு வருகிறேன்.

சூடான சட்டியில் கை பட்டால் சுடுகிறது என்று தெரியுமுன்னரே கை பின்னால் வந்துவிடும். தெறிவினை என்று படித்தோம். தோலில் இருந்து உட்காவு நரம்பு முண்ணாணுக்குள்ளே நுழைகிறது, அங்கேயே இன்னொரு நரம்புக்கலத்தோடு தொடர்புபடுகிறது, வெளிக்காவு நரம்பு வழியாகத் தசைக்குக் கட்டளை திரும்புகிறது. இந்தச் சுற்றுக்கு மூளை தேவையில்லை. மூளைக்குச் செய்தி பிறகுதான் போய்ச் சேர்கிறது. சாள்ஸ் ஷெரிங்ரன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆயுள் முழுவதும் இதைத்தான் ஆராய்ந்தார். மூளையோடு தொடர்பு அறுந்த முண்ணாண் தனியே என்னவெல்லாம் செய்கிறது என்று விலங்குகளில் பார்த்துப் பார்த்து எழுதியவர். 1932இல் நோபல் பரிசு கிடைத்தது.

2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டுப்பட்டபோது வன்னிக்குள்ளே சனம் சீவிக்காமல் விடவில்லை. வயல் விதைத்தோம், பள்ளிக்கூடம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன. வெளியே எங்கள் செய்தி போகவில்லை, வெளியே இருந்து எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அறுந்த இடத்துக்குக் கீழேயுள்ள முண்ணாணும் அப்படித்தான். அது செத்துப்போகவில்லை. இரத்தம் ஓடுகிறது, நரம்புக்கலங்கள் உயிரோடு இருக்கின்றன, தெறிவினைச் சுற்றுகள் அத்தனையும் அங்கேயே இருக்கின்றன.

காயப்பட்ட புதிதில் அந்தப் பகுதி அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும். கால்கள் துணிபோலத் தொய்ந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே தட்டினாலும் அசையாது. நாட்களோ கிழமைகளோ போன பிறகு தெறிவினைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. திரும்பும்போது முன்பைவிட வேகமாகத் திரும்புகின்றன. ஏனென்றால் சாதாரணமாக மூளையில் இருந்து இறங்குகிற நரம்பிழைகளில் பல, இந்தச் சுற்றுகளை அடக்கி வைக்கிற வேலையைத்தான் செய்கின்றன. அடக்குகிறவை அறுந்துவிட்டன. இப்போது போர்வை உரசினாலும் கால் சுருங்கும், சலப்பை நிரம்பினாலும் கால் உதறும். பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்து மேலே தள்ளினால் கணுக்கால் விநாடிக்கு ஐந்தாறு தடவை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

அம்மா கண்ட ஆட்டம் இதுதான். உயிருள்ள முண்ணாணின் ஆட்டம். மகனுடைய விருப்பம் அதற்குள்ளே இல்லை. விருப்பத்தின் பேரில் அசைகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், "பெருவிரலை மேலே தூக்கு" என்று சொல்லி, சொன்ன நேரத்தில், சொன்ன விரல், சொன்ன பக்கம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி அசைந்தால் எனக்கு உடனே சொல்லுங்கோ, எந்த நேரமென்றாலும் பரவாயில்லை.

சிலருடைய கால் ஆடுவதே இல்லை, மெலிந்து தொய்ந்தே இருக்கும். அவர்களுடைய அம்மாமார் தங்கள் பிள்ளைக்குத்தான் காயம் கூட என்று நினைத்து அழுவார்கள். அப்படியல்ல. அவர்களுக்கு அடிபட்டது பெரும்பாலும் நாரியில், குதிரைவால் இருக்கிற இடத்தில். அங்கே தெறிவினைச் சுற்றின் இழைகளே அறுந்துவிட்டதால் சுற்று ஓடாது. காயத்தின் இடம் வேறு, அதனால் கால் இருக்கிற விதமும் வேறு.

கால் இறுக்கத்துக்குப் பக்லோபன் குளிசை தருவார்கள். ஒரு நரம்புக்கலத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நுணுக்கமான இடைவெளி உண்டு, நரம்பிணைப்பு என்பார்கள். நரம்புக்கலத்தின் வழியே ஓடிவருவது மின் மாற்றம். உள்ளே ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக இருக்கிற கலத்துக்குள் சோடியம் அயன்கள் பாய, அந்த மாற்றம் இழை நெடுகத் தாவிப் போகிறது. மயலின் உறையுள்ள தடித்த இழையில் விநாடிக்கு 120 மீற்றர் மட்டும் போகும். உறையில்லாத மெல்லிய இழையில் விநாடிக்கு ஒன்று இரண்டு மீற்றர்தான். கல்லில் காலடித்தால் முதலில் அடி தெரிந்து, பிறகு கொஞ்சம் பிந்தி அந்த எரிவு வருவது இதனால்தான். இடைவெளிக்கு வந்ததும் மின் நின்றுவிடும், இரசாயனம்தான் அதைத் தாண்டும். பக்லோபன் முண்ணாணுக்குள்ளே அந்த நரம்பிணைப்புகளில்தான் வேலை செய்கிறது, தூண்டலைக் குறைக்கிறது. கால் சுகமாய்ப் போச்சு என்று அந்தக் குளிசையை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம். குறைப்பதென்றால் டொக்டர் சொல்லுகிறபடி படிப்படியாகத்தான்.

இந்த எழுத்தில் ஒன்றையாவது ஞாபகம் வைத்திருங்கள் என்றால், அடுத்து வருவதைத்தான் சொல்வேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அண்ணை. நெஞ்சின் நாலாம் மட்டத்துக் காயம். ஒருநாள் மத்தியானம் அவருடைய மனுசி போன் எடுத்து, "மிஸ், இவருக்குத் தலை வெடிக்குதாம், முகமெல்லாம் சிவந்து தண்ணியா வேர்க்குது. பனடோல் குடுத்துப் படுக்க விட்டிருக்கிறன்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, கீழே கால் எப்படி இருக்கிறது என்பது. "கால் குளிர்ந்து மயிர்க்கூச்செறிஞ்சு கிடக்கு." உடனே நிமிர்த்தி இருத்தச் சொன்னேன், கதீற்றர் ரியூப்பை நுனியில் இருந்து அடி வரைக்கும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. நேராக்கியதும் சலம் பைக்குள்ளே இறங்கத் தொடங்கியது, சற்று நேரத்தில் தலையிடி விட்டது.

நடந்தது என்னவென்றால், சலப்பை நிரம்பி இழுபட்ட செய்தி முண்ணாணின் அடிப்பகுதிக்குள்ளே நுழைந்தது. மேலே போக வழியில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே முதுகு நெடுக உள்ள, இரத்தக்குழாய்களைச் சுருக்குகிற பரிவு நரம்புகளை அது தூண்டிவிட்டது. குடலிலும் காலிலும் உள்ள இரத்தக்குழாய்கள் எல்லாம் ஒன்றாய்ச் சுருங்கின. பிறஷர் விறுவிறென்று ஏறியது. கழுத்தில் உள்ள உணரிகள் இதைக் கண்டு மூளைக்கு அறிவித்தன. மூளை இரண்டு கட்டளை கொடுத்தது. ஒன்று, இதயமே மெல்ல அடி என்பது. அது மண்டையோட்டில் இருந்து நேரே இறங்குகிற பத்தாவது மண்டை நரம்பால் போவது, முண்ணாண் தேவையில்லை, ஆகவே நாடி குறைந்தது. மற்றது, இரத்தக்குழாய்களே விரியுங்கள் என்பது. அது முண்ணாணால்தான் போக வேண்டும். அறுந்த இடத்துக்கு மேலே மட்டும் கேட்டது, அதனால் முகம் சிவந்து வேர்த்தது. கீழே கேட்கவே இல்லை. இப்படியே விட்டால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து ஆள் போய்விடலாம். நெஞ்சின் ஆறாம் மட்டத்திலும் அதற்கு மேலும் காயம் உள்ள எவருக்கும் இது வரலாம்.

இவர்களுடைய வழமையான பிறஷர் எங்களைவிடக் குறைவு, மேல் எண் 90, 100 என்றுதான் பலருக்கு இருக்கும். 140 என்று காட்டினால், தெரியாதவர் "பெரிசா ஒண்டுமில்லை" என்பார். இவர்களுக்கு அது நாற்பது கூட. இதை ஒரு வைத்தியசாலையில் நான் நின்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அங்கே நின்றவர்களும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் இத்தனை பேர் முண்ணாண் காயத்தோடு வாழுகிற எங்கள் மாவட்டங்களில், இதைப் புதிதாக வேலைக்கு வருகிற எவருக்கும் முதல்நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோட்டுக்குக் கீழே தோல் தனித்து விடப்படுவது இன்னொரு பெரிய விசயம். கதிரையில் இருக்கிற நீங்கள் இந்தப் பந்தியை வாசிக்கிறதுக்குள் ஒருமுறையாவது அரக்கியிருப்பீர்கள். எலும்புக்கும் கதிரைக்கும் இடையில் நசிபட்ட தோலுக்கு இரத்தம் குறைய, நரம்பு அறிவிக்க, உடம்பு அசைந்துவிட்டது. அந்த அறிவிப்பு இல்லாத இடத்தில் தோல் உள்ளே இருந்து அழுகத் தொடங்கும், வெளியே ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தெரியும். விரலால் அமத்திப் பாருங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரமிருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி மட்டும் முண்ணாண் அறுந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் புண்ணாலும் சலக் கிருமியாலும்தான் செத்தார்கள். ஜேர்மனியில் இருந்து தப்பிவந்த லுட்விக் குட்மன் என்ற டொக்டர் 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் பிரிவைத் தொடங்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், ஆளைப் புரட்டிப் போட வைத்தார். அதோடு சனம் பிழைக்கத் தொடங்கியது. 1948 ஜூலை 29இல் அதே இடத்தில் வீல்செயரில் இருந்த 16 பேரை வைத்து அம்பெய்தல் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக் அதில் இருந்து வந்தது.

எங்கள் பக்கத்தில் வெயில் வேறு. மேல்மட்டக் காயம் உள்ளவர்களுக்குக் கோட்டுக்குக் கீழே வேர்க்காது. வேர்க்காத உடம்பு குளிராது. வைகாசி, ஆனியில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதிக்கும். ஈரத்துணி, மரநிழல், தண்ணி. வெயிலில் நின்ற வீல்செயரின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். சுடுதேத்தண்ணியை மடியில் வைக்க விடாதீர்கள்.

கை நரம்பு அறுந்தவர்கள், கால் நரம்பு அறுந்தவர்கள் இதையெல்லாம் வாசித்துப் பயப்பட வேண்டாம். உங்களுடையது வேறு கதை. முண்ணாணுக்கு வெளியே உள்ள நரம்பு வளரும். தைத்த இடத்தில் இருந்து நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். மேற்கையில் அறுந்தது விரலுக்கு வரக் கன மாதம் செல்லும், அதுவரைக்கும் மூட்டு இறுகாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. நரம்பு வரும் பாதையில் விரலால் தட்டினால் மின் அடித்த மாதிரிச் சுள்ளென்று ஒரு இடத்தில் தெரியும், மாதாமாதம் அந்த இடம் கீழே இறங்கும். முண்ணாணுக்குள்ளே அப்படி வளர்வதில்லை. அங்கே மயலினை ஆக்குகிற கலங்கள் வேறு, அவை வளர்ச்சியைத் தடுக்கின்றன, தழும்பும் குறுக்கே நிற்கிறது. உலகம் முழுவதும் இதை மாற்றத்தான் பாடுபடுகிறார்கள்.

மிதிவெடியில் கால் போனவர்கள் "இல்லாத கால் கடிக்குது" என்று சொன்னால் வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம், மனக்குழப்பம் என்றும் சொல்ல வேண்டாம். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கையும் காலும் இழந்தவர்களைப் பார்த்த வெயர் மிற்சல் என்ற டொக்டர் அந்தக் காலத்திலேயே இதை எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருடைய நோவைக் குறைத்தார். எங்கள் ஊரிலும் ஒரு உடுப்பு அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் செய்து பார்த்திருக்கிறோம். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு துண்டு. நான் போகிற வீடுகளில் இதை எழுதி வீல்செயரின் பைக்குள் வைக்கச் சொல்கிறேன். நெஞ்சின் ஆறாம் மட்டமும் அதற்கு மேலும் காயம் உள்ளவர்கள், அல்லது அவர்களோடு இருப்பவர்கள், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

"எனக்கு முண்ணாண் காயம். மட்டம்: ......... என் வழமையான பிறஷர்: ......... எனக்குத் திடீரென்று தலையிடித்து முகம் வேர்த்தால் படுக்க விடாதீர்கள். நிமிர்த்தி இருத்தி, காலைக் கீழே தொங்க விடுங்கள். பெல்ற், சப்பாத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். கதீற்றர் ரியூப் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். மலம் இறுகியிருக்கலாம், எங்காவது புண்ணோ உள்ளே வளர்ந்த நகமோ இருக்கலாம், அதையும் பாருங்கள். ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை பிறஷர் பாருங்கள். காரணம் பிடிபடாவிட்டால், பிறஷர் இறங்காவிட்டால், 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுங்கள். ஏற்றும்போதும் நிமிர்த்தியே ஏற்றுங்கள்."